விட்டுப் போகிறவருக்குக் கால் நோகும்: அரிராங் பாட்டு என்ன சொல்கிறது?

கேள்வி:

வணக்கம் மேடம். கொரிய மொழி வகுப்புக்குப் போகிறேன். அங்கே அரிராங் பாட்டைச் சொல்லிக் கொடுத்தார்கள். 'என்னை விட்டுவிட்டுப் போகிறவர் பத்து ரி தூரம் கூடப் போகமாட்டார், அதற்குள் கால் நோவு வந்துவிடும்' என்ற வரியைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நான்கு வருடம் பழகியவர், சில மாதங்களுக்கு முன் ஒரே ஒரு குறுஞ்செய்தியில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார். இப்போது எந்நேரமும் இந்தப் பாட்டைத்தான் முணுமுணுக்கிறேன். அம்மா பொருளைக் கேட்டுவிட்டு, 'பாட்டுல கூட ஒருத்தருக்குக் கெடுதல் நினைக்காதடி, அது நமக்கே திரும்பும்' என்கிறார். உடன் படிக்கும் தோழி, 'இது காதல் பாட்டே இல்லை, நாட்டுப்பற்றுப் பாட்டு' என்கிறாள். உண்மையில் இந்தப் பாட்டு என்ன சொல்கிறது? சாபமா, கெஞ்சலா? வகுப்பின் ஆண்டு விழாவில் இதை என்னைத் தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். பாடலாமா? பாடிப் பதிவு செய்து, பொருளையும் எழுதி, அவருக்கு அனுப்பலாமா என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். விழாவில் தாராளமாகப் பாடுங்கள். அவருக்கு அனுப்ப வேண்டாம். இரண்டுக்கும் காரணம் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. நாட்டுப்புறப் பாட்டுகளைப் படிப்பதும் சொல்லிக் கொடுப்பதும்தான் என் தொழில் என்பதால், அந்த வழியாகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

பாட்டைக் கேட்டிராதவர்களுக்காகப் பொருளை ஒருமுறை தருகிறேன். 'அரிராங், அரிராங், அராரியோ. அரிராங் கணவாயைத் தாண்டிப் போகிறார். என்னை விட்டுவிட்டுப் போகும் அன்பர் பத்து ரி கூடப் போகமாட்டார், அதற்குள் காலில் நோவு வந்துவிடும்.' நான்கே வரி. முதல் இரண்டும் பல்லவி மாதிரி திரும்பத் திரும்ப வரும். அரிராங் என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட பொருள் கிடையாது. நம் பாட்டுகளில் வரும் தன்னானே, ஏலேலோ மாதிரி, சேர்ந்து பாடுகிற குரல்களை ஒன்றாகப் பிடித்துக்கொள்கிற சொல் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

சரி, சாபமா என்ற கேள்விக்கு வருவோம். சாபம் எப்படி இருக்கும் என்று நமக்கு நன்றாகவே தெரியும். 'நாசமாய்ப் போக', 'உன் குடி விளங்காமல் போக' என்று மண்ணை வாரித் தூற்றிச் சொல்வது சாபம். அதில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, இன்னது நடக்கட்டும் என்ற ஏவல். இன்னொன்று, மீள முடியாத கேடு: குலம், கண், உயிர். அரிராங்கில் இரண்டுமே இல்லை. 'ஷிம்னிதோ மொட்காசொ பல்ப்யொங் நந்தா' என்ற அந்த வரி, 'கால் நோவு வரட்டும்' என்று ஏவவில்லை, 'கால் நோவு வரும்' என்று சொல்கிறது. நேற்று வந்தது, நாளையும் வரும் என்பது போன்ற சாதாரணக் கூற்று வாக்கியம். அடுத்தது, வருவது என்ன? கால் நோவு. இரண்டு நாள் உட்கார்ந்தால் போய்விடுகிற ஒன்று.

தூரத்தையும் பாருங்கள். பத்து ரி என்றால் ஏறக்குறைய 4 கிலோமீட்டர். கால்நடையாகப் போனால் ஒரு மணி நேரம். அந்தக் காலத்துக் கொரியாவில் சாதாரண ஜனங்கள் போட்டுக்கொண்டு நடந்தது வைக்கோல் செருப்பு. பாதை மலையேறுகிறது, கணவாயைத் தாண்ட வேண்டும். ஒரு மணி நேரம் நடந்த மனிதன் காலைப் பிடித்துக்கொண்டு பாதையோரக் கல்லில் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்குப் பக்கம் எது? போகிற ஊரா, விட்டுவந்த வீடா? நூறு ரி என்றோ ஆயிரம் ரி என்றோ பாடியிருந்தால் அது பழிவாங்கல். பத்து ரி என்பது திரும்பி வர முடிகிற தூரம். கிளம்பி ஓடினால் அவளே போய்ப் பிடித்துவிடக்கூடிய தூரமும்கூட. அழிந்து போ என்று நினைக்கிறவள் இவ்வளவு அருகில் அவனை உட்கார வைக்கமாட்டாள். அவனை நிறுத்த அவள் கையில் இருந்தது அந்தக் கால்வலி ஒன்றுதான், அதைப் போட்டுவிட்டாள் என்றுதான் நான் படிக்கிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், மொழி படிக்கிற உங்களுக்கு இது உடனே பிடிபடும். 'நாருல் பொரிகோ கஷினுன் நிமுன்' என்ற வரியில் 'கஷினுன்' என்று வருகிறது. வெறும் 'கனுன்' என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நடுவில் மரியாதை விகுதி இருக்கிறது. தமிழில் சொன்னால், 'விட்டுப் போறவன்' என்று வாய்க்கு வருகிற இடத்தில் 'விட்டுப் போகிறவர்' என்கிறாள். கோபத்தின் உச்சியிலும் அவள் வாயிலிருந்து 'அவர்' தான் வருகிறது. நிம் என்ற சொல்லும் அப்படித்தான், நேசமும் மதிப்பும் கலந்த சொல். இவ்வளவு மரியாதை வைத்துக்கொண்டு யாரும் சாபம் விடுவதில்லை.

அப்படியானால் கெஞ்சலா? அதுவும் முழுக்கச் சரியில்லை. கெஞ்சல் எப்படி இருக்கும் என்பதற்குக் கொரியர்களிடமே பழைய பாட்டு ஒன்று உண்டு. கொர்யோ அரச காலத்திலிருந்து வந்த 'கசிரி'. போகிறீர்களா, என்னை விட்டுவிட்டுப் போகிறீர்களா என்று தொடங்கும். பிடித்து நிறுத்தியிருப்பேன், ஆனால் அதில் மனம் கசந்து திரும்பியே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அவளே பயந்து கையை எடுத்துக்கொள்கிறாள். கடைசியில், எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் திரும்பி வாருங்கள் என்று அனுப்பி வைக்கிறாள். அழகான பாட்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் முழுக்கத் தன்னை அடக்கிக்கொள்கிறாள். அரிராங்கில் பேசுகிற பெண் அப்படி இல்லை. 'விட்டுவிட்டுப் போகிறீர்கள், நீங்கள் செய்வது எனக்கு வலிக்கிறது, உங்களுக்கும் வலிக்கும்' என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். நேசத்தையும் விடவில்லை, வலியையும் மறைக்கவில்லை. உங்கள் நிலையில் இருக்கும் ஒருவருக்கு எந்தப் பாட்டு நல்லது என்று கேட்டால் நான் அரிராங்கைத்தான் சொல்வேன்.

நமக்கு இது அந்நியமான மனநிலையும் கிடையாது. குறளில் பிரிவாற்றாமை அதிகாரம் எப்படித் தொடங்குகிறது (குறள் 1151)? 'செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின் வல்வரவு வாழ்வார்க் குரை.' போகவில்லை என்றால் என்னிடம் சொல், சீக்கிரம் வந்துவிடுவேன் என்பதை அதுவரை உயிரோடு இருப்பவரிடம் சொல். இங்கே மிரட்டல் தன் உயிரின்மேல் விழுகிறது, அரிராங்கில் அவர் காலின்மேல் விழுகிறது. இரண்டிலும் சொல்ல வருவது ஒன்றுதான்: போகாதே. சங்க அகப்பாடல்களில் இதற்கென்று ஒரு துறையே உண்டு. தலைவனின் குணத்தைத் தோழி பழித்துப் பேசுவாள், அதற்கு இயற்பழித்தல் என்று பெயர். உடனே தலைவி, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்று அவனை உயர்த்திப் பேசுவாள், அது இயற்பட மொழிதல். அரிராங்கின் அந்த ஒரு வரியில் பழிக்கிற தோழியும் பரிந்து பேசுகிற தலைவியும் ஒரே வாயால் பேசுகிறார்கள். சில மாதங்களாக உங்களுக்குள்ளும் இந்த இரண்டு குரலும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வரியில் தொண்டை அடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று இப்போது சொல்கிறேன். அகப்பாடல்களைப் படிக்கும்போது நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி, இதை யார் யாரிடம் சொல்கிறார் என்பது. பிரிந்து போனவனைப் பற்றித் தலைவி பாடுகிற பாடல்களில் மிகப் பெரும்பாலானவை தோழியிடம் சொல்லப்பட்டவை. அவன் அங்கே இல்லவே இல்லை. அரிராங்கிலும் அதே கதைதான். 'நீ' என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை. 'என்னை விட்டுப் போகிறவர்' என்று படர்க்கையில்தான் பேச்சு. அவள் இதைப் போகிறவரின் முதுகுக்குப் பின்னால், பக்கத்தில் நிற்கிறவர்களிடம் சொல்கிறாள். கொரியாவில் இதை ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் 'அரிராங் அரிராங் அராரியோ' என்று சேர்ந்து எடுத்துக் கொடுப்பது வழக்கம். அவள் வலியைச் சொல்கிறாள், கூட்டம் பல்லவியால் அதை வாங்கிக்கொள்கிறது. பாட்டு முழுமை பெறுவது அந்தக் கூட்டத்தில்தான். போனவர் அதைக் கேட்டாரா இல்லையா என்பது பாட்டுக்கு ஒரு பொருட்டே இல்லை.

நீங்கள் அதைப் பதிவு செய்து அவருக்கு அனுப்பினால், பாட்டு கடிதமாகிவிடும். கடிதம் என்றால் பதில் வர வேண்டும். அனுப்பிய நொடியிலிருந்து நீல டிக் வந்ததா என்று பார்ப்பீர்கள். வந்த பிறகு, கேட்டாரா, எந்த வரியில் நிறுத்தினார், ஏன் இன்னும் ஒன்றும் எழுதவில்லை என்று மனம் ஓடும். அவர் ஒரு இதயக்குறி மட்டும் போட்டால் அதற்கு என்ன பொருள் என்று ஒரு வாரம் யோசிப்பீர்கள். ஒரே ஒரு குறுஞ்செய்தியோடு நிறுத்திக்கொண்டவரிடம் மறுபடியும் தீர்ப்பு கேட்டு நிற்பது போல் ஆகிவிடும். அப்புறம் அந்தப் பாட்டையும் உங்களால் நிம்மதியாகப் பாட முடியாது. அவரிடம் கேட்க வேண்டியது, சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கி இருந்தால், அதை உங்கள் சொந்த வார்த்தையில், நேரடியாக, பாட்டை இழுக்காமல் கேளுங்கள். பாட்டு உங்கள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தோழி சொன்ன நாட்டுப்பற்று விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் 'காதல் பாட்டே இல்லை' என்பதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கொரியாவில் இருந்த அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1896-லேயே அரிராங்கை மெட்டோடு எழுதி அச்சிட்டார். சாப்பாட்டில் அரிசிக்கு என்ன இடமோ, கொரியர்களின் இசையில் இந்தப் பாட்டுக்கு அதே இடம் என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஜப்பான் கொரியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது 1910-இல்தான். அதற்கு முன்பே ஜனங்கள் வாயில் பாட்டு இருந்தது.

நீங்கள் கற்றுக்கொண்டிருக்கும் வடிவம் ஊரெங்கும் பரவியது 1926-இல். நா உன்க்யூ இயக்கி நடித்த 'அரிராங்' என்ற மௌனப் படம் அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று சியோலின் தான்சொங்சா அரங்கில் வெளியானது. காவல்துறைச் சித்திரவதையில் மனம் பேதலித்துப்போன ஒரு மாணவன், தன் தங்கையைக் கெடுக்க வந்தவனைக் கொன்றுவிடுகிறான். அவனைக் கட்டி, கணவாயைத் தாண்டி இழுத்துப் போகிறார்கள். ஊர் ஜனம் பார்த்துக்கொண்டு நிற்க, இந்தப் பாட்டு ஒலிக்கிறது. ஆட்சியாளர்களை எதிர்த்து ஒரு வார்த்தை வெளிப்படையாகப் பேச முடியாத காலம் அது. காதலர் பிரிவைப் பாடிய பாட்டு, எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களின் பாட்டாக மாறியது இப்படித்தான். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. பாட்டு மட்டும் நின்றுவிட்டது.

இந்த மாற்றத்துக்குக் கொரிய மனம் ஏற்கெனவே தயாராக இருந்தது என்பது என் எண்ணம். நிம் என்றால் காதலன், அரசன், தெய்வம், தாய்நாடு என்று எல்லாமே ஆகும். அதே 1926-இல்தான் ஹான் யோங்உன் என்ற பௌத்தத் துறவி, நிம் பேசாமல் போன மௌனத்தைப் பாடும் கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். அவர் 1919 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 33 பேரில் ஒருவர். அவர் பாடிய நிம் காதலியா, புத்தரா, நாடா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. நாயகன் நாயகி பாவத்தில் ஊறிய நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஆண்டாள் ஏங்கியது கடவுளுக்காகத்தான் என்பதால் அந்த ஏக்கம் பெண்ணின் ஏக்கம் இல்லை என்று ஆகிவிடுமா என்ன?

பின்னாளில் நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தபோது, அந்தப் பிரிவுக்கும் இதே பாட்டுதான் வந்து நின்றது. 1991-இல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலக மேசைப்பந்துப் போட்டியில் இரு கொரியாக்களும் ஒரே அணியாக ஆடின. எந்த நாட்டின் தேசிய கீதத்தை இசைப்பது? அரிராங்கை இசைத்தார்கள். 2012-இல் தென்கொரியாவின் பெயரிலும், 2014-இல் வடகொரியாவின் பெயரிலும் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு பெரிய சோகத்தைத் தாங்குகிற பாட்டில் என் சின்னச் சோகத்தைப் பாடலாமா என்று கூச்சப்படாதீர்கள். யார் போனார், ஏன் போனார், எங்கே போனார் என்று ஒரு பெயர்கூடப் பாட்டில் இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் ஒரு தேசமும் அதில் வந்து நிற்க முடிந்தது. உங்களுக்கும் அங்கே இடம் இருக்கிறது.

உங்களுக்கு நேரம் இருந்தால் மற்ற அரிராங்குகளையும் கேளுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏறக்குறைய 60 வகை, அவற்றுக்குள் சுமார் 3,600 வேறுபாடுகள் என்று யுனெஸ்கோ குறிப்பு சொல்கிறது. எனக்கு மிகப் பிடித்தது காங்வொன் மலைப்பகுதியின் ஜொங்சொன் அரிராங். அங்கே அவுராஜி என்ற இடத்தில் இரண்டு ஆறுகள் கூடுகின்றன. ஆற்றின் இரு கரையிலும் இருந்த காதலர்கள், வெள்ளம் வந்து கடக்க முடியாமல் போனதைச் சொல்லும் கதை ஒன்று அந்த ஊரில் வழங்குகிறது. 'அவுராஜி ஓடக்காரரே, என்னை அக்கரை சேர்த்துவிடுங்கள், அங்கே பூவெல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கிறதே' என்று பாடுகிறார்கள். இழுத்து இழுத்து, மூச்சு முட்ட முட்டப் பாடும் பாட்டு. நடுவில் 'யொக்கும்' என்று ஒரு முறை வரும்: சொற்களை அள்ளி ஒரே மூச்சில் படபடவென்று கொட்டிவிட்டு, கடைசியில் மட்டும் மெல்ல இழுத்து மெட்டுக்குத் திரும்புவார்கள். மனசில் கிடப்பதை யாரிடமாவது கொட்டித் தீர்க்கும்போது நாம் பேசுவதும் அப்படித்தானே? ஜிந்தோ அரிராங்கில், முங்யொங் கணவாயின் ஒவ்வொரு வளைவும் கண்ணீர் என்று வருகிறது. இவற்றுக்கு நேர்மாறாக மிர்யாங் அரிராங் துள்ளி ஓடும்: 'என்னைப் பார், என்னைப் பார், நடுப்பனியில் பூவைக் கண்டது போல் என்னைப் பார்.' பிரிவுப் பாட்டுகளையே கேட்டு மனம் கனத்துப் போனால் இதைப் போட்டுக் கேளுங்கள்.

அம்மாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வாய்ச்சொல்லுக்கு வலு உண்டு என்று நம்பித்தான் நம் பெரியவர்கள் பேச்சில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். அவரிடம் பாட்டின் பொருளை மறுபடியும் நிதானமாகச் சொல்லுங்கள். 'கால் நோகட்டும்' என்பதில்லை, 'கால் நோகும்' என்பதுதான். ரொம்ப தூரம் போகவேண்டாம் என்று நினைக்கிற மனசு. இதைக் கேட்டால் அம்மாவுக்குப் புரிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவேளை அவர் பயப்படுவது அந்த மனிதரின் காலுக்காக இருக்காது. நீங்கள் எந்நேரமும் இதையே முணுமுணுப்பதைப் பார்த்து உங்களுக்காகத்தான் பயப்படுகிறார். அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலையில் மனம் ஒட்டாமல் நாள்கள் போகின்றன என்றால் பாட்டு மட்டும் போதாது, மனநல ஆலோசகர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இனி மேடைக்கு. மெட்டை நம் ஸ்வரங்களில் போட்டுப் பார்த்தால், உங்கள் வகுப்பு வடிவத்தில் வருவது ஸ ரி க ப த, மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள். இசை ஆய்வாளர்கள் பலர் மோகனத்தைப் பழைய முல்லைப் பண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவார் என்று ஆற்றியிருப்பது. எங்கேயோ இருக்கும் கொரியாவின் பிரிவுப் பாட்டுக்கும் நம் காத்திருப்பின் பண்ணுக்கும் ஸ்வரங்கள் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஒப்பாரி போல் இழுத்து அழுது பாடாமல், வெளிச்சமாகப் பாடுங்கள். மூன்று மூன்றாக எண்ணிக்கை போகும் தாளம், அந்த அசைவை விட்டுவிடாதீர்கள்.

சுருதி விஷயத்தில் கவனம். பாட்டு மந்திர பஞ்சமத்தில் ஆரம்பித்து மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தோடு நின்றுவிடுகிறது. மேல் ஷட்ஜத்துக்குப் போவதே இல்லை. வழக்கமாக நீங்கள் பாடும் கட்டையிலேயே எடுத்தால் தொடக்கம் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல் கேட்கும், ஒன்றோ இரண்டோ கட்டை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்றாம் வரி. 'நாருல் பொரிகோ', அதாவது 'என்னை விட்டுவிட்டு' என்ற இடத்தில் குரல் சட்டென்று அந்த மத்திய ஸ்தாயிப் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. பாட்டு முழுவதிலும் அதுதான் உச்சம். உங்களுக்குத் தொண்டை அடைத்த வரியும் இங்கேதான் தொடங்குகிறது, மெட்டே அதற்காகக் கட்டப்பட்டது. அங்கே கத்த வேண்டாம், ஸ்வரம் தானே வேலையைச் செய்யும். நான்காம் வரியில் கால் நோவு வரும் என்று பாடும்போது, 'கணவாயைத் தாண்டிப் போகிறார்' என்ற இரண்டாம் வரியின் மெட்டுக்கே திரும்பிவிடுகிறோம். அவர் போவதற்கும் அவர் நின்றுவிடுவதற்கும் ஒரே மெட்டு. இதை மனசில் வைத்துக்கொண்டு பாடினால் நான்காம் வரியில் தானாகவே ஒரு அமைதி வரும்.

தனியாகப் பாடச் சொல்லியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடத்துபவரிடம் பேசிப் பாருங்கள். கடைசி இரண்டு வரிகளை நீங்கள் பாட, 'அரிராங் அரிராங் அராரியோ' பகுதியை வகுப்பு முழுவதும் சேர்ந்து எடுக்கட்டும். முடிந்தால் அந்த நாட்டுப்பற்றுத் தோழியை முன்வரிசையில் நிறுத்துங்கள். பாட்டின் இயல்பான அமைப்பே அதுதான், உங்கள் குரல் எங்காவது தழுதழுத்தாலும் தாங்கிக்கொள்ளப் பின்னால் ஆள் இருக்கும்.

இரண்டாம் சரணமும் பாடுவதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். 'தெளிந்த வானில் நட்சத்திரங்கள் எத்தனையோ, நம் நெஞ்சில் கவலைகள் அத்தனை' என்று பாடுகிறவர்கள் உண்டு. கவலை வருகிற இடத்தில் நம்பிக்கை என்று மாற்றிப் பாடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வழக்கில் இருப்பவைதான், எதைப் பாடினாலும் பிழை என்று யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கு இப்போது எது உண்மையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கூடப் பாடுகிறவர்களுக்கும் அதையே எழுதிக் கொடுத்துவிடுங்கள், மேடையில் ஆளுக்கொன்று பாட வேண்டாம்.